முப்பத்தோராவது வரி

லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும். நான்காவது மாடிக்கு நாமே ஏறிக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வருகிறவளையே இப்படி வரவேற்கும் ஒரு நிறுவனம், உள்ளே என்ன லட்சணத்தில் மென்பொருள் எழுதியிருக்கும் என்பது படியேறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. காலை பத்து மணி. வெளியே நல்ல வெயில். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இருட்டு, மழை, மின்வெட்டு என்று எந்தச் சாக்கும் எனக்குக் கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், டியூப்லைட்டுகள் எரிய, பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நடந்தது.

பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை விழுங்குவதற்கு முன்னால், அதில் முள் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்க என்னைப் போன்றவர்களை அனுப்பும். அட்டவணைகளைப் படிப்பது என் தொழில். ஒரு மென்பொருள் எதை எங்கே எழுதிவைக்கிறது, எது எதோடு கோர்த்திருக்கிறது என்று மூன்று நாள் தோண்டிப் பார்த்து அறிக்கை கொடுப்பேன். இருபது வருடமாக அடுத்தவர் செய்த குளறுபடிகளையே படித்துப் படித்து, மனிதர்கள்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

அந்த நிறுவனம் சின்ன மருத்துவமனைகளுக்கான ஒரு தளத்தை நடத்திக்கொண்டிருந்தது. நோயாளிகள் பதிவு, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதில்தான். மேலாளர் என்னை ஒரு பெரிய திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தலையாட்டி என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

"இதுதான் எங்க நாடி, மேடம். தளத்துல முந்நூத்திநாப்பது பகுதி இருக்கு. ஒவ்வொண்ணையும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை இது விசாரிக்கும். பதில் வந்தா பச்சை, வரலைன்னா சிவப்பு. சிவப்பாயிட்டா அந்தப் பகுதியைத் தானே மூடிடும். ரெண்டு வருஷமா ஒரு சிவப்புகூட வந்ததில்லை."

"ரெண்டு வருஷமா ஒரு தும்மல்கூட வராத உடம்புன்னா, ஒண்ணு தெய்வப்பிறவி. இல்லைன்னா தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."

அதற்கும் தலையாட்டினார்.

"இதை எழுதினது யாரு?"

"இருந்தார் ஒருத்தர்."

"இப்போ?"

"இப்போ இல்லை."

வேலையை விட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடம் நீளமானது. ஆனால் பன்னிரண்டு பேரும் கதவுப் பக்கத்திலேயே, நாற்காலியோடு நாற்காலி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மறுபாதி காலி. கோடியில், சுவரோரமாக, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரே ஒரு மேசையும் கணினியும். நான் நேரே அங்கே போய்ப் பையை வைத்தேன்.

பழைய ஆட்களில் மிச்சமிருந்த ஒரே நிரலாளர் பின்னாலேயே வந்தார். நாற்பது வயது இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கொட்டாவி என்றுதான் கூப்பிட்டார்கள். பார்த்த ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை விட்டார், பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

"அங்க வேணாம் மேடம்."

"ஏன்?"

"வெயில் அடிக்கும்."

"அடிக்கட்டும். கரைஞ்சிட மாட்டேன்."

உட்கார்ந்தேன். நாற்காலி இருக்கை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. வெயில்தான் என்று நினைத்தேன்; திரும்பிப் பார்த்தபோது வெயில் இன்னும் அந்த மேசைக்கு வந்திருக்கவில்லை.

ஒரு கருவியைப் புரிந்துகொள்ள அதன் திரையைப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. முகப்பவுடர் எல்லோரும் பூசுவார்கள். அட்டவணைகளைத் திறக்க வேண்டும். நாடிக்கு நான்கே அட்டவணைகள். யாரை விசாரிக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் ஒன்று. என்ன கேட்க வேண்டும் என்பது அடுத்தது. எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்பது மூன்றாவது. சாய்ந்திருக்கும் சுவர் விழுந்தால் சாய்ந்ததும் விழுந்ததாக நாடி எடுத்துக்கொள்ளும். கடைசியில் பதில்கள்: இத்தனை மணிக்கு, இன்னாரிடமிருந்து, 'வந்தது' அல்லது 'வரவில்லை'. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளை போட்டிருக்கலாம்.

மதியத்துக்குள் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன். பதில் வந்ததா என்று எழுதிக்கொள்ளக் கட்டம் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று எழுதக் கட்டமே இல்லை. அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ உருண்டால், வீட்டுக்காரர் சௌக்கியம் என்று எழுதிக்கொண்டு போகிற தபால்காரனைப் போன்றது இந்தக் கருவி. இதை வடிவமைத்தவருக்கு உலகத்தின்மேல் அபார நம்பிக்கை இருந்திருக்கிறது.' எழுதிவிட்டு நானே ரசித்தேன்.

பிறகுதான் பெயர்ப் பட்டியலின் அடியில் அந்த வரிகளைப் பார்த்தேன். தளத்தின் பகுதிகளுக்கு நடுவே, 'ஆள்' என்ற வகையில் முப்பத்தொரு வரிகள். பெயர் இல்லை, வெறும் எண்கள். முப்பது வரிகளுக்கு முடிவுத் தேதி போட்டு மூடியிருந்தார்கள். முப்பத்தோராவது மட்டும் திறந்தே கிடந்தது.

பதில்களைத் திறந்து அந்த எண்ணைத் தேடினேன்.

வந்தது. வந்தது. வந்தது.

இரண்டு வருடமாக, அரை நிமிடத்துக்கு ஒன்று. கடைசிப் பதில், பதினாறு நொடிகளுக்கு முன்னால்.

கொட்டாவியைப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் ஒரு கொட்டாவி விட்டார். அது தூக்கத்தால் வருவதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சில பேருக்குப் பயம் அப்படித்தான் வெளியே வரும்.

"பல்லின்னு கூப்பிடுவோம் மேடம். சுவரோரமா ஒட்டிக்கிட்டு, சத்தமே போடாம இருப்பான். நாடி அவன் எழுதினது. அப்புறம் மேனேஜர் சொன்னார், ஆளுங்களையும் நாடியே பாத்துக்கட்டும்னு. அரை நிமிஷத்துல ஒரு கீயாவது அமுங்கினா ஆள் சீட்ல இருக்கான்னு அர்த்தம். அதையும் அவனையே எழுத வெச்சார்."

"சரி."

"ஒரு நாள் பதினொண்ணே கால் இருக்கும். கீபோர்டு மேல தலையைச் சாய்ச்சான். சாயந்தரம் ஆறு மணிக்கு, பெருக்க வர்ற அம்மா மேசையைத் துடைக்கறதுக்காக அவன் கையைத் தூக்கினாங்க. ஜில்லுன்னு இருந்துச்சாம்."

"ஆறு மணி வரைக்கும் முப்பது பேர்ல ஒருத்தரும் பாக்கலையா?"

"பாத்தோம்." குரல் இறங்கியது. "நாடியில பச்சையா இருந்துச்சு மேடம். நெத்தி கீ மேலதானே இருந்துச்சு. மேனேஜர் அவனைக் காட்டி, 'பாருங்கடா, இவன் ஒருத்தன்தான் இடத்தை விட்டு அசையாம வேலை பாக்கறான்'னார். எல்லாரும் சிரிச்சோம்."

கொட்டாவி படியில் உட்கார்ந்தார்.

"சாய்ஞ்ச உடனே போயிருக்கும் மேடம். வலியே தெரிஞ்சிருக்காது. அவன் தங்கச்சிகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

மனிதர்கள்மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதையில் இன்னொரு பிடி அன்றைக்குப் போயிற்று. பேய் என்ற எண்ணம் மட்டும் எனக்கு வரவில்லை. முட்டாள்கள் விட்டுப்போன ஏதோ ஒரு நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பதில் எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று துரத்தினேன். நான் உட்கார்ந்திருந்த கணினியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதில் அப்படி எந்த நிரலும் இல்லை.

கீபோர்டின் கம்பியைப் பிடுங்கினேன்.

வந்தது.

கணினியை அணைத்து, மின்சார வயரையும் உருவினேன். கொட்டாவியின் திரையில் போய்ப் பார்த்தேன்.

வந்தது.

திரும்பி வந்தேன். மூன்று மணி. வெயில் இப்போது மேசைமேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. கம்பி பிடுங்கிய கீபோர்டு அதில் கிடந்தது. குளிக்காத தலையின் எண்ணெய் வாடை லேசாக அடித்தது. குனிந்து பார்த்தேன்.

நடுவில் ஏழெட்டு எழுத்துகள் அமுங்கியிருந்தன.

சிக்கிக்கொண்டிருக்கும் என்று, ஓர் எழுத்தின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். எழும்பவில்லை. மேலே பாரம் இருந்தது. நான் நெம்ப நெம்ப, அந்தப் பாரம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

என் புறங்கையில் முடி உரசியது.

கையை இழுத்துக்கொண்டேன். கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பழகிய முதுகுகள்.

அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். நல்ல மனிதர்; சொல்வதைக் கேட்பதில்லை, அது ஒன்றுதான். அவர் சொல்வதை நானும் கேட்பதில்லை என்பதால் பதினெட்டு வருடமாகச் சண்டையில்லாமல் ஓடுகிறது. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டியா?" என்றார். கழுவியிருந்தேன். மூன்று தடவை.

மறுநாள் அந்த மேசையில் உட்காரவில்லை. கொட்டாவியின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். இந்தக் கூத்தை ஒரே வரியில் முடிக்கலாம் என்று, முப்பத்தோராவது வரிக்கு முடிவுத் தேதி போட்டு மூடினேன்.

அரை நிமிடம் ஆயிற்று.

பெரிய திரையில் முந்நூற்றுநாற்பது புள்ளிகளும் சிவப்பாயின.

எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. மருத்துவமனைகளில் திரைகள் இருண்டுவிட்டன. அறுவைச் சிகிச்சை அறைக்குப் போகவேண்டியவரின் ரத்த வகையைப் பார்க்க முடியவில்லை என்று ஒரு நர்ஸ் கத்தியது எனக்கே கேட்டது. அந்தத் தேதியை அழித்தேன். அடுத்த அரை நிமிடத்தில் எல்லாம் பச்சை.

மூன்றாவது அட்டவணையைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. தளத்தின் ஒவ்வொரு பகுதியும் முப்பத்தோராவது வரியின்மேல் சாய்ந்திருந்தது. அவன் விழுந்தால் எல்லாம் விழும். நாளுக்கு ஒரு பகுதியாகச் சேர்த்திருந்தார்கள், ஒவ்வொன்றும் சரியாகப் பதினொன்று பதினேழுக்கு. முதலாவது சேர்ந்தது அவன் செத்த மறுநாள்.

"இதை யார் சேர்த்தது?" என்று கேட்டேன்.

கொட்டாவி வாயைப் பொத்திக்கொண்டார்.

தலையாட்டி வியர்வையோடு ஓடிவந்தார். "அவனை அப்படியே விட்டுடுங்க மேடம். யாருக்கும் தொந்தரவு இல்லாம ரெண்டு வருஷமா ஓடுது. நமக்குப் பச்சையா இருந்தா போதும்."

"அவனைன்னா? அப்போ உங்களுக்குத் தெரியும்."

இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தை நான் எப்போதும் அப்படித்தான் செலவழிப்பேன். "கட்டம் இல்லாததுதானே உங்க பிரச்சினை? போடறேன்" என்று சொல்லி, பதில் அட்டவணையில் ஒரு புதுக் கட்டத்தைச் சேர்த்தேன். அதற்கு 'யார்' என்று பெயர் வைத்தேன்.

புதிதாகப் போட்ட கட்டம் காலியாகத்தான் இருக்கும். இனிமேல் வரும் பதில்களில்தான் நிரம்பும், அதுவும் நிரப்ப யாராவது நிரல் எழுதினால். ஆனால் முப்பத்தோராவது வரியின் பழைய பதில்களில், இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாளில், எழுத்துகள் தோன்ற ஆரம்பித்தன.

பதினொன்று பதினேழு: நான்.

அரை நிமிடம் கழித்து: நான்.

பதினொன்று இருபது: நான்தான். கை வரலை.

கொட்டாவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு நின்று நின்று வந்தது.

பன்னிரண்டு ஐந்து: நான். தூங்கலை.

ஒன்று நாற்பது: நான். கொட்டாவி வந்தான். தூங்கறியா பல்லின்னு கேட்டான். போயிட்டான்.

பின்னால் நாற்காலி ஒன்று சரிந்த சத்தம். நான் திரும்பவில்லை.

இரண்டரை: நான். எல்லாரும் சிரிக்கறாங்க.

அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 'நான்' மட்டும். நான். நான். நான். பக்கம் பக்கமாக ஓடியது. வெளிச்சமான இந்தக் கூடத்தில், முப்பது பேருக்கு நடுவில், ஒருவன் ஆறு மணி நேரம் தன் இருப்பைத் தானே அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதை எழுதிக்கொள்ள ஒரு கட்டம் இல்லை.

ஐந்து பன்னிரண்டு: நான்.

அரை நிமிடம் கழித்து: நான் இல்லை.

அதோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. அன்றைக்கும், மறுநாளும், அடுத்த மாதமும், இரண்டு வருடத்தின் ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் அதே இரண்டு சொற்கள். நான் இல்லை.

தலையாட்டி மூச்சு விட்டார். "பாத்தீங்களா? அவனே ஒத்துக்கறான். தான் இல்லைன்னு. செத்தவன் செத்துட்டான்னு சொல்றான். அதோட முடிஞ்சுது."

"இல்ல சார்." கொட்டாவி தரையில் உட்கார்ந்திருந்தார். குரல் காற்றாக வந்தது. "நாம கேட்டிருக்கற கேள்வி என்ன? பதில் சொன்னது யாருன்னு. அதுக்குத்தான் சொல்றான். நான் இல்லைங்கறான்."



அப்படியென்றால் இரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து பதில் சொல்வது வேறு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூடத்தின் மறுகோடியில், யாரும் இல்லாத மேசையில், கம்பி இல்லாத கீபோர்டில் ஓர் எழுத்து அமுங்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

டக்.

திரையில் புதுப் பதில் விழுந்தது. வந்தது. யார் கட்டத்தில்: நான் இல்லை. நான் இல்லை. பாக்காதீங்க.

"அந்தக் கட்டத்தை எடுத்துடுங்க மேடம்" என்றார் தலையாட்டி. கெஞ்சினார்.

அப்போது என் கைபேசி அடித்தது. எங்கள் நிறுவனத்தின் பெரியவர். "என்னம்மா, சிவப்பு வந்துச்சாமே? கையெழுத்துப் போடலாமா கூடாதா? பச்சையா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருபது வருடமாக அடுத்தவரை ஏளனம் செய்தவள், முதுகெலும்பு உள்ளவள் என்று.

"பச்சைதான் சார்" என்றேன்.

கட்டத்தை நீக்கினேன். அவனுடைய ஆறு மணி நேரமும் அதோடு போயிற்று. தபால்காரன் உவமையையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, 'கருவி நலம், மாற்றம் தேவையில்லை' என்று எழுதினேன். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நான் சந்தித்த மிகக் கேவலமான பிறவி, தலையாட்டி இல்லை.

கொட்டாவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அவன் தங்கச்சி வீட்டுக்கு."

"சொல்லி என்ன ஆகப்போகுது? உடனே போயிட்டார்னு நெனைச்சு நிம்மதியா இருக்காங்க."

"அந்தப் பொய்யைச் சொன்னது நான். காறித் துப்பினா துப்பட்டும்." கதவருகே நின்று, அந்தக் கூடத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கோடி மேசையை நேராக, முழுதாகப் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்பதை நான் விவரிக்கப்போவதில்லை. படிகளில் ஓடி இறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை.

ஒரு மாதம் போயிற்று. விழுங்கவேண்டியதை எங்கள் நிறுவனம் விழுங்கிவிட்டது. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

போன சனிக்கிழமை நாலு மணிக்குச் சோப்பும் பல்பும் வாங்கக் கடைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பும்போது ஐந்தேகால். கதவைத் திறந்தால், கணவர் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு சோபாவில் கைபேசியோடு இருந்தார். கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், புருவத்தைச் சுருக்கினார்.

"நீ எங்கேருந்து வர்ற?"

"கடையிலேருந்து."

"ரூம்லதானே இருந்த? இவ்வளவு நேரமா பேசிட்டிருந்தேனே."

"யார்கிட்ட?"

"என்ன கேள்வி இது? உன்கிட்டதான். என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போறதைப் பத்திச் சொன்னேன். தண்ணிக் குழாய் ஒழுகறதைச் சொன்னேன். எல்லாத்துக்கும் ம், ம்னு சொன்னியே."

பை என் கையிலிருந்து நழுவியது. "எட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "அதான் பதில் சொன்னியே."

படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே விளக்குப் போட்டிருந்தது. கட்டிலின் விளிம்பும், அதில் யாரோ உட்கார்ந்தால் படுக்கை விரிப்பில் விழும் சுருக்கமும் எனக்குத் தெரிந்தன.

அவர் அதற்குள் கைபேசிக்குத் திரும்பிவிட்டார். "சரி, விடு. காபி போடறேன், உனக்கும் வேணுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"ம்" என்றது அறைக்குள்ளிருந்து.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.